நாக்கை நீட்டினால் ஏறும் கட்டி

உங்கள் முன்னால் நான் சாட்சி சொல்வது இது இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னது பொய். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சகோதர சகோதரிகளே. கேட்டு முடித்த பிறகு அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடியுங்கள். ஏற்கெனவே ஒரு தடவை முருங்கைக்காயால் வாங்கியிருக்கிறேன். அது பின்னால் வரும்.

என் பெயர் ஞானமுத்து. ஞானம் பெயரோடு நின்றுவிட்டது. இரண்டாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் சகிக்க முடியாமல் பிரிந்தோம். ஒக்கலிபுரத்தில் குடியிருக்கிறேன். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்துவது என் தொழில். அதனால் ஊருக்கு நான் மைக் முத்து. புடவைக் கடைத் தள்ளுபடி, சர்க்கஸ், நாளைக்குத் தண்ணீர் வராது, எதுவாக இருந்தாலும் தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் கத்துவேன். நோட்டீசைப் படிக்க எனக்குத் தெரியாது. என் மனைவி ஸ்டெல்லா ஒரு தடவை படித்துச் சொன்னால் அப்படியே மனப்பாடம். இந்தச் சாட்சியையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். நடுநடுவே அவள் தலையில் அடித்துக்கொள்வது உங்களுக்குத் தெரியாது.

சின்ன வயதிலிருந்தே என் கழுத்தின் நடுவில், குரல்வளை மேட்டுக்குச் சற்று மேலே, பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி உண்டு. வலிக்காது. நாக்கை வெளியே நீட்டினால் அது மேலே ஏறும். நாக்கை இழுத்தால் கீழே இறங்கும். இப்படி ஒரு சொத்து கையில் இருந்தால் என்னைப் போன்றவன் சும்மா இருப்பானா? அதற்கு லிஃப்ட் என்று பெயர் வைத்தேன். காக்ஸ் டவுனில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் ஆராதனை முடிந்ததும் என்னைச் சுற்றிக்கொள்ளும்.

"மாமா, லிஃப்ட்டு!"

"எந்த மாடிடா?"

"மூணாவது!"

நாக்கை முழு நீளத்துக்கு நீட்டுவேன். கட்டி ஏறும். குழந்தைகள் கத்தும். ஸ்டெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

1997ஆம் வருஷம், லெந்து காலம், உபவாச நாட்கள். சளி பிடித்தது, காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் பட்டாணி எலுமிச்சை ஆனது. சிவந்து, சுட்டுக்கொண்டு, எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர் வந்தது. எங்கள் தெருவில் ஒரு டெய்லர் இருந்தார். தொண்டையில் கட்டி என்று படுத்தவர், கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் செத்துப்போனார். அவர் முகம் என் கண்ணை விட்டுப் போகவேயில்லை. ஊரைச் சிரிக்க வைக்கிறவன், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் ஸ்டெல்லா.

"போனா கத்தியைப் போடுவான். கத்தி பட்டா அது பரவும். டெய்லருக்கு என்ன ஆச்சு?"

"டெய்லர் பீடி குடிச்சாரு. நீங்க குடிக்கிறது டீ மட்டும்தானே?"

நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன். ஆயர் ஐயா என் தலையில் கை வைத்து ஜெபித்தார். சபையே என்னோடு அழுதது. சனிக்கிழமை காலையில் கட்டி தானாக உடைந்தது. சீழ் எல்லாம் வெளியே வந்து, சாயங்காலத்துக்குள் கழுத்து வற்றிவிட்டது. ஒரு துண்டுத் துணியை ஒட்டிக்கொண்டு, குதித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல மேடை ஏறினேன்.

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். கட்டி உடைந்தது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் மைக் கையில் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பத்து ரூபாய்ப் புடவையைப் பட்டு என்று கூவிப் பழகிய வாய். "பெரிய பெரிய டாக்டர்கள் கைவிட்டார்கள்! மூன்று மாதம்தான் என்றார்கள்! என் ஆண்டவர் ஒரே ராத்திரியில் எடுத்துப்போட்டார்!" என்றேன். நான் எந்த டாக்டரையும் பார்க்கவேயில்லை. ஆஸ்பத்திரி வாசலைக்கூட ஆட்டோவில் தாண்டித்தான் போயிருக்கிறேன், அதுவும் ஹாரன் அடிக்காமல்.

சபை கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டல் இனித்தது. ஸ்டெல்லா மட்டும் கைதட்டவில்லை. ஆண்டவரும் தட்டியிருக்க மாட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கட்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை அதன் மேல் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து கஞ்சித் தண்ணி மாதிரி ஏதோ கசிந்துகொண்டே இருந்தது. கழுத்தில் மஃப்ளர் சுற்ற ஆரம்பித்தேன். மே மாத வெயிலில் மஃப்ளர். கேட்டவர்களிடம், "குரலை நம்பிப் பிழைக்கிறவன், காத்து படக் கூடாதுன்னு" என்றேன். குழந்தைகள் லிஃப்ட் கேட்டபோது, "ரிப்பேருடா" என்றேன். அதுவரை நான் குழந்தைகளிடம் பொய் சொன்னதில்லை.

வீட்டில் முழங்காலில் நின்று ஜெபித்தேன். ஜெபம் எப்படித் தெரியுமா? "ஆண்டவரே, இதை எடுத்துவிடும். ஆனால் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடும். ஏற்கெனவே எடுத்துவிட்டீர் என்று எல்லோரிடமும் சொல்லித் தொலைத்திருக்கிறேன்." ஐந்து மாதம் இதே ஜெபம். கட்டி போகவில்லை. கசிவு நிற்கவில்லை. ராத்திரியில் தலையணை ஈரமானது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சபையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று போகவில்லை. சாவுக்குப் பயந்ததைவிட, சாட்சி பொய்யாகிவிடுமே என்று பயந்தேன். இப்படிப்பட்ட கிறுக்கனும் உங்கள் சபையில் இருந்தான்.

"நீங்க என்ன, ஆண்டவர் மானத்தைக் காப்பாத்துறீங்களா?" என்று ஒரு நாள் ஸ்டெல்லா கேட்டாள்.

"ஆமா."

"அவரு மானத்தை அவரு பார்த்துப்பாரு. நீங்க காப்பாத்துறது மைக் முத்து மானத்தை."

மஃப்ளரை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு வெளியே போனேன்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகை வந்தது. நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கோழி, கேக் எல்லாவற்றையும் சர்ச் காம்பவுண்டில் ஏலம் விடுவோம். ஏலம் விடுகிற ஆள் வருஷா வருஷம் நான்தான். மேஜை மேல் ஏறி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று கத்தினால் சாந்தமான சகோதரிகள்கூட ஒரு பூசணிக்காய்க்குச் சண்டை போடுவார்கள்.

அன்றைக்கு விழுங்கும்போது வலி காதுவரை போனது. உடம்பு சுட்டது. ஆனாலும் ஏறினேன். முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை எடுத்தேன். அதைக் காணிக்கையாகக் கொண்டுவந்தவர் ரூபி அக்கா.

ரூபி அக்கா ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். விதவை. சபையில் ஆயர் ஐயாவின் பிரசங்கம் நீண்டால் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிற ஒரே ஆள். அன்று மேஜைக்குப் பக்கத்தில் நின்று மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"டேய் முத்து, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கும் கழுத்துல கட்டி இருக்குடா."

புடவைத் தலைப்பைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். கழுத்தின் வலது பக்கம், கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக ஒன்று.

"ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாங்க. சந்தேகமா இருக்காம். புதன்கிழமை அட்மிட் ஆகுங்க, ஆபரேஷன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன்."

"ஏன் அக்கா?"

"எங்க வீட்டுக்காரர் ஆபரேஷன் டேபிள்ல ஏறினவரு, எறங்கலையே. உனக்குத் தெரியாதா? நானும் ஆறு மாசமா யோசிச்சேன். உன் சாட்சியை நினைச்சுப்பேன். பெரிய பெரிய டாக்டருங்க கைவிட்ட உனக்கே சுகம் கிடைச்சுதே, எனக்குக் கிடைக்காதா? அதான், போகப்போறதில்லை. நீ ஏலத்தைப் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எவ்வளவு நிம்மதியாகச் சிரித்தார் தெரியுமா? அந்தச் சிரிப்பு என் பொய்யின் மேல் நின்றுகொண்டிருந்தது.

என் கையில் அவருடைய முருங்கைக்காய்க் கட்டு. வாய் பழக்கத்தில் ஓடியது. யாரோ விலை கேட்டார்கள். "ஒரு தரம்" என்றேன். ஆறு மாதம். என் வாய் இந்த அம்மாவுக்கு ஆறு மாதத்தை அழித்திருக்கிறது. "ரெண்டு தரம்" என்றேன். புதன்கிழமை போகாவிட்டால்? டெய்லரின் முகம் வந்தது. இந்தத் தடவை அந்த முகத்தில் ரூபி அக்காவின் மூக்குக்கண்ணாடி இருந்தது.

மூன்றாம் தரம் வாயில் வரவில்லை. மைக்கைப் பிடித்தபடியே உள்ளுக்குள் ஜெபித்தேன். முழங்கால் போட நேரமில்லை. நீளமாகவும் வரவில்லை. "ஆண்டவரே, அக்கா சாகக் கூடாது. என்னை என்ன வேணா பண்ணுங்க." அவ்வளவுதான். எனக்காக இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது என்று நினைக்கிறேன்.

ஜெபித்த உடனே வானத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. என் கைதான் கழுத்துக்குப் போனது. மஃப்ளரை அவிழ்த்தேன். ஒட்டியிருந்த துணியையும் பிய்த்தேன். முன்வரிசையில் நின்றவர்கள் "ஐயோ" என்றார்கள். நாக்கை நீட்டினேன். கட்டி ஏறியது. ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது. குழந்தைகள்கூடச் சிரிக்கவில்லை.

"எனக்குச் சுகம் ஆகலை" என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி கேட்டது. "திரும்பி வந்துடுச்சு. அஞ்சு மாசமா மறைச்சு வச்சிருக்கேன். எந்த டாக்டரும் என்னைக் கைவிடலை. நான் எந்த டாக்டரையும் பார்க்கவே இல்லை. நான் சொன்னது பொய்."

காம்பவுண்டில் கோழி மட்டும் சத்தம் போட்டது. ஆயர் ஐயா தலை குனிந்து நின்றார். நான் மேஜையிலிருந்து இறங்கினேன். ரூபி அக்கா என் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைப் பிடுங்கினார். முதுகில் ஒரு அடி. தோளில் ஒரு அடி. மூன்றாவது அடியில் கட்டு அவிழ்ந்து முருங்கைக்காய் சிதறியது.

"பாவி! உன்னை நம்பி நான் சாகக் கிடந்தேனேடா!"

"அக்கா, நீங்க புதன்கிழமை போங்க. கால்ல விழறேன். போங்க."

"எனக்குப் பயமா இருக்குடா!" என்று கத்தினார். அந்த வாயாடி அக்கா அழுததை அன்றுதான் சபை பார்த்தது. "தனியா எப்படிடா போவேன்?"

"நான் வர்றேன்."

"நீ வந்து என்ன கிழிப்ப?"

"என் கட்டியையும் காட்டறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கழுத்தை உற்றுப் பார்த்தார். "அசிங்கமா இருக்கு" என்றார். பிறகு, "காலைல ஏழு மணிக்கு வா. மைக்கைக் கழட்டிட்டு வா. என்னை ஊருக்கே அறிவிப்பு பண்ணிக்கிட்டுப் போக வேணாம்."

சகோதர சகோதரிகளே, என் ஜெபத்துக்குப் பதில் அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அப்போது தெரியவில்லை. முதுகு எரிந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை அக்காவை வார்டில் சேர்த்துவிட்டு நான் ஓபி வரிசையில் நின்றேன். கால் வாசல் பக்கமே இழுத்தது. ஸ்டெல்லா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளே ஒரு கன்னட டாக்டரம்மா. சின்ன வயது. என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாலிகெ ஹொரகெ ஹாகி" என்றார்கள். நாக்கை வெளியே நீட்டு என்கிறார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், இந்த வித்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர்கள் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். நான் ஆறு தடவை நாக்கை நீட்டினேன். ஆறு பேரும் நோட்டில் எழுதினார்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் இருபது வருஷமாகக் காட்டிய வேடிக்கைதான், என் நோயின் பெயரைச் சொல்லும் அடையாளமாம். நான் கேட்டிருந்தால் எந்த டாக்டரும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி தமிழிலேயே சொன்னார்கள். "நீங்க அம்மா வயித்துல இத்தனூண்டு இருக்கும்போது, கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி நாக்கோட அடியிலதான் பொறக்கும். அங்கிருந்து மெல்ல கீழே எறங்கி கழுத்துக்கு வரும். வந்த வழி தானா மூடிக்கணும். உங்களுக்கு மூடலை. அந்த வழியில தண்ணி சேர்ந்து கட்டியாச்சு. ஒரு முனை நாக்கோட ஒட்டியிருக்கு, அதான் நாக்கை நீட்டினா இதுவும் ஏறுது."

"அப்போ கேன்சர் இல்லையா மேடம்?"

"பார்த்தா அப்படித் தெரியலை. ஊசியில எடுத்துப் பார்க்கணும். ஸ்கேனும் எடுக்கணும். சில பேருக்குச் சுரப்பி கீழே எறங்காமலே இந்தக் கட்டிக்குள்ளயே இருக்கும். தெரியாம எடுத்துட்டா உடம்புல வேற சுரப்பியே இருக்காது. ஹெதர்பேடி."

பயப்படாதே என்றார்கள். அதைக் கேட்டதும்தான் நன்றாகப் பயந்தேன்.

வியாழக்கிழமை காலையில் ரூபி அக்காவை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "ஓடிப் போயிடாதே." கதவு மூடியது. நானும் ஸ்டெல்லாவும் ஆயர் ஐயாவும் பெஞ்சில் உட்கார்ந்தோம். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். அக்காவுக்குப் பின்னால் போனவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். மூன்றாவது மணி நேரத்தில் என் நகத்தில் கடிக்க எதுவும் மிச்சமில்லை. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று மண்டைக்குள் யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் போன கதவு இதே மாதிரிதான் இருந்திருக்குமோ? "ஆயிரம் பொய் சொன்னவன் கேட்கிறேன் ஆண்டவரே, என் முகத்தைப் பார்க்காதீர், அவர் முகத்தைப் பாரும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆயர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏலத்துக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

நாலு மணி நேரம் கழித்துப் பெரிய டாக்டர் வந்தார். "எடுத்தாச்சு. கெட்ட கட்டிதான், அப்படித்தான் தெரியுது. ஆனா தைராய்டு சுரப்பியை விட்டு வெளியே போகலை. இன்னும் லேட் பண்ணியிருந்தா கஷ்டம். சரியான நேரத்துல வந்தாங்க."

சரியான நேரம் என்று அவர் சொன்னார். அந்த நேரத்தை யார் வைத்தார் என்று எனக்குத் தெரியும். நான் அல்ல. நான் வைத்திருந்தால் அக்கா இன்னும் வீட்டில் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு வந்த பரிசோதனை முடிவும் பெரிய டாக்டர் சொன்னதையே சொன்னது. என் ஊசி முடிவுக்கு ஒரு வாரம் காத்திருந்தேன். அந்த ஒரு வாரம் நான் ஒரு ஜோக் கூடச் சொல்லவில்லை என்று ஸ்டெல்லா சொல்லச் சொல்கிறாள். கெட்டது ஒன்றும் இல்லை என்று வந்தது. ஸ்கேனில் என் சுரப்பி ஒழுங்காகக் கழுத்தில் அதன் இடத்தில் இருந்தது. என்னிடம் ஒழுங்காக இருந்த ஒரே பொருள். சீழ் அடங்க மாத்திரை கொடுத்து, கிறிஸ்துமஸ் முடிந்து, ஜனவரியில் என் முறை வந்தது.

கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வருமாம். நாக்குக்குக் கீழே குதிரை லாடம் மாதிரி ஒரு சின்ன எலும்பு உண்டாம். அதன் நடுத்துண்டோடு சேர்த்து, அந்த வழியை நாக்கின் அடி வரைக்கும் எடுக்க வேண்டும் என்றார்கள். "குரல்?" என்றேன். "பொதுவா ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அந்தப் "பொதுவா" என்கிற வார்த்தையோடு ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்கள். குரல் போனால் நான் யார்? படிக்கத் தெரியாத, எழுதத் தெரியாத, ஆட்டோ மட்டும் உள்ள ஒருவன். தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்தில் ரூபி அக்கா நடந்து வந்தார். கழுத்தில் தழும்பு. ஆபரேஷனிலிருந்து அவர் குரல் கரகரவென்று காற்றாகத்தான் வந்தது.

"நான் போயிட்டு வந்துட்டேன்ல? நீயும் போயிட்டு வா. வெளியே நான் இருக்கேன்."

கண் விழித்தபோது கழுத்தில் கட்டு, மூக்கில் குழாய், தொண்டையில் நெருப்பு. இரண்டு நாள் பேசக் கூடாது என்றார்கள். எங்கள் வீட்டுக்கு அது பெரிய ஓய்வு என்று ஸ்டெல்லா சொல்கிறாள். மூன்றாவது நாள் நர்ஸ் பேசச் சொன்னார். என்ன பேசுவது? வாயைத் திறந்தேன். "அக்கா சாப்பிட்டாங்களா?" என்று வந்தது. என் குரல்தான். பழைய குரல், முழுக் குரல். ரூபி அக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் குரல் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் மைக்கைத் தொடுவதில்லை.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. என் கட்டி திரும்பவில்லை. அக்காவுக்கும் திரும்பவில்லை. சுரப்பியை எடுத்துவிட்டதால் தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுகிறார். கரகரத்த குரலிலேயே ஆயர் ஐயாவின் பிரசங்கத்துக்கு மணி காட்டுகிறார். ஏலத்துக்கு இப்போதும் நான்தான். ஆனால் முருங்கைக்காய் வந்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன்.

என் ஆண்டவர் கட்டியை ஒரே ராத்திரியில் எடுக்கவில்லை. ஆறு பிள்ளைகளையும், ஒரு கன்னட டாக்டரம்மாவையும், ஒரு கத்தியையும், என்னை அடித்த ஒரு கையையும் வைத்து எடுத்தார். அம்மா வயிற்றில் மூடாமல் விட்ட வழி எனக்குத் தெரியாமல் இருபது, முப்பது வருஷம் திறந்தே கிடந்தது. அவருக்குத் தெரியும். என் வாய் எப்படித் திறந்து கிடந்தது என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டையும் ஒரே வருஷத்தில் மூடினார்.

இதைக் கேட்கிறவர்களில் யாராவது மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். புடவைத் தலைப்பால் எதையாவது மூடிக்கொண்டிருக்கலாம். ஜெபியுங்கள். நானும் உங்களோடு ஜெபிக்கிறேன். ஜெபித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு என் ஆட்டோ வாசலில் நிற்கும். மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வருவேன். ஓபி வரிசையில் உங்கள் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் ஓடப் பார்த்தால் சட்டையைப் பிடிக்க ஸ்டெல்லா இருக்கிறாள். பயமாக இருந்தால் உள்ளே போகும்போது சொல்லிக்கொடுக்க ரூபி அக்கா இருக்கிறார்.

போன ஞாயிறு ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, "மாமா, லிஃப்ட் காட்டுவீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்றாள். உட்கார்ந்து நாக்கை நீட்டிக் காட்டினேன். ஒன்றும் ஏறவில்லை. ஒன்றும் இறங்கவில்லை.

"வேலை செய்யலையே மாமா" என்றாள்.

"ஆமா பாப்பா" என்றேன். "இப்ப அங்க வெறும் தழும்புதான். தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்த்தாள். கழுத்தை மறைக்காமல் நான் உட்கார்ந்திருந்தேன்.